வயிற்றுப் பிள்ளையிலிருந்து பள்ளிப் பிள்ளை வரை: டெல்டா வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் பிள்ளை வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. காற்று, தண்ணீர், பூச்சிமருந்து, வெயில், வீட்டுச் சாமான் எல்லாம் கருவிலிருக்கும் பிள்ளையையும் கைக்குழந்தையையும் என்ன செய்கின்றன என்பதுதான் விஷயம். உடம்பு சரியில்லாத குழந்தைக்கு இந்தக் கேள்வி-பதில் மருந்தாகாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும்.

எங்கள் ஊரில் ஆலை இல்லை, பெரிய ரோடுகூட இல்லை. சுற்றிலும் வயல்தான். எங்கள் பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது?

பச்சை வயலைப் பார்த்தால் சுத்தமான இடம் என்றுதான் தோன்றும். ஆனால் விறகடுப்புப் புகை, ராத்திரி கொசுவர்த்தி, பக்கத்து வயலில் அடிக்கிற மருந்து, போர் தண்ணீரின் உப்பு, மஞ்சள்தூளில் கலந்த சாயம், கொல்லையில் எரிக்கிற பிளாஸ்டிக், மாசி பிறந்ததும் ஏறத் தொடங்கும் வெயில் என்று எண்ணிப் பாருங்கள். நகரத்துப் பிள்ளைக்கு லாரிப் புகை என்றால் கடைமடைப் பிள்ளைக்கு இவை. இவற்றில் எதுவும் தனியாக வருவதில்லை. ஒரே வீட்டில், ஒரே நாளில், நாலைந்து சேர்ந்து வருகின்றன. ஒரே ஒரு வில்லனைத் தேடுகிறவர்கள் அதனால்தான் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள்.

நாங்களும் இதே காற்றில்தான் வளர்ந்தோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

நாற்றங்காலில் விழுந்த பூச்சிக்கும், கதிர் முற்றிய வயலில் விழுந்த பூச்சிக்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 தடவை மூச்சு விடும். பெரியவர்கள் 12 முதல் 20 தடவை. எடைக்கு எடை பார்த்தால் குழந்தை இழுக்கும் காற்றும் குடிக்கும் நீரும் நம்மைவிட அதிகம். தூசி படியும் தரையில்தான் அது தவழ்கிறது. கையில் கிடைத்ததை வாயில் வைக்கிறது. காரீயம் வயிற்றுக்குள் போனால் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். சில பூச்சிமருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதி, பிறந்த குழந்தையிடம் மிகக் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த உடம்பு இன்னும் கட்டி முடியவில்லை. நுரையீரலின் காற்றுப் பைகள் பிறந்த பிறகும் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. மூளையின் பெரும் வேலை கருவிலும் முதல் இரண்டு வருடங்களிலும் நடக்கிறது.

‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பது வயதில் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வந்தவர்களை அந்தக் கணக்கில் சேர்த்தீர்களா?

நாற்பது வயதில் வரும் சர்க்கரைக்கும் வயிற்றில் இருந்த காலத்துக்கும் என்ன சம்பந்தம்?

டேவிட் பார்க்கர் என்ற ஆங்கில மருத்துவர் 1980களில் இதே கேள்வியில்தான் இறங்கினார். இங்கிலாந்தில் முன்பு எந்தப் பகுதிகளில் கைக்குழந்தைகள் அதிகமாக இறந்தனவோ, அதே பகுதிகளில் பிற்காலத்தில் மாரடைப்பும் அதிகமாக இருப்பதை 1986ல் அவர் காட்டினார். பிறகு ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் பழைய பிறப்புப் பதிவேடுகளைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் பிறந்தவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் அதிகம் என்று தெரிந்தது. நம் நாட்டில் புனேயில் யாஜ்னிக் குழுவினர் நடத்திய ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: இந்தியக் குழந்தை பிறக்கும்போது எடையில் சின்னதாக இருந்தாலும், அதன் உடம்பில் தசைதான் குறைவு, கொழுப்பு அவ்வளவாகக் குறைவதில்லை. பிற்காலத்துச் சர்க்கரைக்கு இது ஒரு தொடக்கப் புள்ளி என்று கருதப்படுகிறது.

சுகாதாரச் செவிலியர் அடிக்கடி சொல்லும் ‘முதல் ஆயிரம் நாள்’ இதிலிருந்து வந்த பேச்சுதான். கருவில் 270, அப்புறம் இரண்டு வருடத்துக்கு 730. ஆயிரத்தோராவது நாளில் கதவு சாத்திக்கொள்ளும் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தக் காலத்தில் நல்லதோ கெட்டதோ ஆழமாக இறங்கும், அவ்வளவுதான்.

இப்போது ஒரு நோயை மட்டும் பார்க்காமல் மூச்சு, எடை, மூளை வளர்ச்சி, பிறப்பு, மனநலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் போக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனம் 2016ல் ‘எக்கோ’ என்ற பெயரில் தொடங்கிய திட்டம் பல்லாயிரம் குழந்தைகளை அப்படித்தான் தொடர்ந்து கவனிக்கிறது.

விறகடுப்பை நிறுத்திவிட்டால் பிள்ளை நல்ல எடையோடு பிறக்குமா?

இதற்கு நேரடியான பதில் தேடியவர்கள் நம்ம நாகப்பட்டினம் மாவட்டத்துக்கே வந்தார்கள். ‘ஹேப்பின்’ என்ற ஆய்வு நான்கு நாடுகளில் நடந்தது: குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா. இந்தியாவில் அதற்குத் தேர்ந்தெடுத்த இடங்கள் விழுப்புரமும் நாகப்பட்டினமும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு இங்கே அதை நடத்தியது. மொத்தம் 3200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் தடையில்லாத இலவச சிலிண்டரும் கொடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கமான விறகடுப்பிலேயே சமைத்தார்கள்.

கேஸ் கிடைத்தவர்கள் சுவாசித்த நுண்துகளின் (புகையில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் துகள்) அளவு கன மீட்டருக்குச் சுமார் 24 மைக்ரோகிராம்; மற்றவர்களுக்குச் சுமார் 71. பெரிய இறக்கம்தான். ஆனால் 2022ல் முடிவு வெளியானபோது பிறப்பு எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை; இருபது கிராம் சொச்சம்தான். குழந்தைக்கு வரும் கடுமையான நிமோனியா பற்றிப் பின்னால் வந்த முடிவிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை.

பலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. ‘அப்போ புகையால் ஒன்றுமில்லை’ என்று இதைப் படிப்பது தவறு. அடுப்பு கைக்கு வரும்போது கர்ப்பத்தில் இரண்டு மூன்று மாதம், சிலருக்கு நான்கு மாதமும் ஓடிவிட்டிருந்தது. 24 என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பான 5ஐவிடப் பல மடங்கு. பக்கத்து வீட்டு அடுப்புப் புகை சுவரைப் பார்த்து நிற்பதில்லை. இதே குழு சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்த வேறொரு ஆய்வில், நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை 4 கிராம் குறைவதாகத் தெரிந்தது. ஒரு பிள்ளைக்கு 4 கிராம் ஒன்றுமே இல்லை. ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் அது சின்ன எண் அல்ல.

நான் புரிந்துகொண்டது இது: புகையைக் குறைப்பது நல்லது, ஆனால் புகையை மட்டும் குறைத்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைத்திருந்தால் எடை ஏறிவிடாது. தாய்க்கு ரத்தசோகை இருக்கும்போது அடுப்பை மாற்றி என்ன பயன் என்றும் கேட்கலாம்.

கேஸ் விலையில் முழுக்க அதிலேயே சமைப்பது எல்லோருக்கும் முடியாது என்பதும் தெரிந்ததே. வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகடுப்புதான் என்றால் அதைக் கொல்லைக்கு மாற்றுங்கள். பன்னாடையும் காய்ந்த மட்டையும் பற்றவைக்கப் போதும். பிளாஸ்டிக் கவரைப் போட்டுப் பற்றவைக்கும் பழக்கத்தை இன்றைக்கே விடலாம். கர்ப்பிணியும் கைக்குழந்தையும் அடுப்பு எரியும் நேரத்தில் அந்தப் பக்கம் இல்லாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதாதீர்கள்.

கொசுவர்த்தி? சாம்பிராணி?

மூடிய அறையில் ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரித்த அளவு இருக்கும் என்று 2003ல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. சிகரெட்டை வீட்டுக்குள் விடாத தாத்தாகூடத் தூளிக்கடியில் சுருளை ஏற்றி வைக்கிறார். கொசுவலைதான் நல்ல வழி. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்ட மாதங்களில் டெங்கு பயமும் உண்மையானது என்பதால் ‘எதுவுமே வேண்டாம்’ என்று நான் சொல்ல மாட்டேன். வலையை நன்றாகச் செருகிக் கட்டுங்கள், பகலில் தூங்கும் குழந்தைக்கும் கட்டுங்கள். டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும்.

குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவது பாட்டிமாரின் அன்பு. தலையைத் துணியால் துடைத்து உலர்த்தினாலே போதும். தும்மல், இரைப்பு இருக்கும் குழந்தைக்குக் கட்டாயம் வேண்டாம். பேச்சு வந்த இடத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன்: மூக்கில் எண்ணெய் விடுவது கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும்.

வயலில் மருந்து அடிப்பது என் கணவர்தான். குழந்தை வயல் பக்கமே போவதில்லை. அப்படியும் பாதிக்குமா?

பாதிக்கும். டெல்டாவில் நான் மிகவும் கவலைப்படும் விஷயம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் சாலினாஸ் பள்ளத்தாக்கு என்ற காய்கறி விளையும் பகுதி இருக்கிறது. அங்கே விவசாயக் கூலி வேலை செய்யும் குடும்பங்களை பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1999லிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். கர்ப்பிணிகளின் சிறுநீரில் ஆர்கனோ பாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் மிச்சம் எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஏழு வயதானபோது அறிவுத்திறன் சோதனை செய்தார்கள். மிச்சம் மிக அதிகமாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகளைவிடச் சராசரியாக ஏழு புள்ளி குறைவாக எடுத்தார்கள். குளோர்பைரிபாஸ் இந்த வகை. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் புட்டிகளில் இந்த வகை மருந்து பலவற்றில் உண்டு. மோனோகுரோட்டோபாஸும் இதே வகை. அதன் 36 சதவீதக் கரைசலை ஒன்றிய அரசு 2023ல் தடை செய்தது. பழைய புட்டி பரணில் கிடந்தால் தேடிப் பாருங்கள்.

மருந்து வீட்டுக்குள் வரும் வழிகள் பல. சட்டையிலும் கைலியிலும் ஒட்டிக்கொண்டு வரும். அப்பா வந்ததும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு அதுவே போதும். அதனால் வாசலிலேயே துணியை மாற்றி, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்தத் துணியை மற்ற துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். கர்ப்பிணி அதைத் துவைக்க வேண்டாம். அடித்தவரே அலசிப் போடட்டும், கை தேய்ந்துவிடாது. தெளிப்பானை வாய்க்காலில் கழுவினால் கீழே உள்ள படித்துறையில் குளிக்கும் பிள்ளைக்கு அது போய்ச் சேரும்.

காற்றிலும் வரும். வயலை ஒட்டிய அங்கன்வாடி, பள்ளிக்கூடம் நம் பக்கம் நிறைய. காற்று வீசும் நேரத்தில் அடிக்காமல் விடியற்காலையில் அடிப்பது, அடிக்கும் முன் டீச்சருக்கு ஒரு போன் போட்டுச் சொல்வது, அந்த நேரத்துக்குப் பிள்ளைகளை உள்ளே வைத்துச் சன்னலைச் சாத்துவது எல்லாம் காசு செலவில்லாத ஏற்பாடு. குறுவை, சம்பா, தாளடி முடிந்து கோடையில் பருத்தி போடும் திருவாரூர் பக்கத்து ஊர்களில் இந்தத் தொல்லை வருடம் முழுக்க நீள்கிறது. பருத்திக்கு அடிக்கும் மருந்து நெல்லுக்கு அடிப்பதைவிடக் குறைவில்லை.

காலி டப்பா மிகவும் ஆபத்தானது. 2013 ஜூலையில் பிகாரின் சாரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. மருந்து டப்பாவில் எண்ணெய், மண்ணெண்ணெய், குடிதண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். மிச்ச மருந்தைக் கூல்ட்ரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கமும் வேண்டாம்.

பிள்ளை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் 108. வாயில் எச்சில் வழிவது, வேர்த்துக் கொட்டுவது, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குவது இவையெல்லாம் அறிகுறிகள். ஆனால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். உப்புத் தண்ணீரோ சாணிக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்ப் பிள்ளையைக் கொல்லக்கூடும். புட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். மேலே பட்டிருந்தால் துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அப்படியானால் கடைக் காய்கறி, கடை அரிசி சாப்பிடலாமா? இயற்கை விவசாயப் பொருள்தான் வாங்க வேண்டுமா?

சாப்பிடுங்கள். காய், கீரை சாப்பிடாத கர்ப்பிணிக்கு வரும் நஷ்டம் நிச்சயமானது. ஓடும் தண்ணீரில் நன்றாக அலசினால் மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பங்கு போகும். நம்மாழ்வார் பிறந்த மண்ணில் மருந்தில்லாமல் விளைவிப்பவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தவரிடம் கிடைத்தால் வாங்குங்கள். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். கொல்லையில் நாலு முருங்கை, கீரைப் பாத்தி போட்டால் அதுவே பெரிய விஷயம்.

போர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் பிள்ளைக்குப் பாதுகாப்புதானே?

கிருமிக்குக் கொதிக்கவைப்பது போதும். உப்புக்கும் நைட்ரேட்டுக்கும் அது உதவாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சத்தில் இரண்டின் அடர்த்தியும் கூடத்தான் செய்யும்.

நைட்ரேட் பெரும்பாலும் யூரியாவிலிருந்தும், சாணக்குழி, கக்கூஸ் குழியிலிருந்தும் ஆழமில்லாத கிணற்றுக்கும் அடிபம்புக்கும் வருகிறது. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் பால்பொடி கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்று செவிலியர் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வயதில் சித்திரை வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை. தாய்தான் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

உப்பு விவகாரம் கடலோரத்துக்கு. வேதாரண்யம், நாகை பக்கம் நிலத்தடி நீர் கரிப்பது எல்லோருக்கும் தெரியும். வங்கதேசத்தின் கடலோரத்தில் டாகோப் என்ற பகுதியில் செய்த ஆய்வுகள், உப்பு கூடிய தண்ணீர் குடித்த கர்ப்பிணிகளுக்கு ரத்தக் கொதிப்பும் வலிப்புக்கு இட்டுச்செல்லும் நிலையும் அதிகமாக வருவதைக் காட்டின. நம் கடலோரமும் அதே மாதிரி மண்தான். கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வருகிற ஊரில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள். போர் தண்ணீரைத் துவைக்க வைத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிக்குக் கால் வீக்கம், தலைவலி, கண் மங்கல் இருந்தால் அன்றே பிரஷர் பார்க்க வேண்டும்.

ஆர்.ஓ. இயந்திரம் உப்பையும் நைட்ரேட்டையும் குறைக்கும். மெழுகுவர்த்தி போன்ற வெள்ளைக் குழல் வைத்த சாதா பில்டர் குறைக்காது. எதையும் வாங்குமுன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். ஃப்ளோரைடு பற்றியும் கேட்கிறார்கள். அது முக்கியமாகத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் துன்பம். அதற்காகத்தான் ஒகேனக்கல் திட்டத்தில் நம்ம காவிரித் தண்ணீரை அங்கே கொண்டுபோகிறார்கள்.

ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறோம். அதில் ஈயம் இருக்கிறதே?

கும்பகோணத்து ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. மூளையைக் கெடுக்கும் காரீயம் வேறு உலோகம். சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் பயமில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் காரீயம் கலந்திருக்கலாம். பழக்கமான பாத்திரக்கடையில் வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் புளி சேர்த்த எதையும் அதில் வைக்காதீர்கள்.

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. பெட்ரோலிலிருந்து இந்தியா 2000ல் அதை நீக்கியது. பெயின்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த சன்னல், கதவு, கட்டில், பொம்மை எல்லாம் இன்னும் நம் வீட்டில்தானே இருக்கின்றன? பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய பெயின்டைச் சுரண்டினால் பிள்ளைகளை மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஈரத்துணியால் துடைத்து முடித்த பிறகு அழைத்து வாருங்கள். உரிந்த பெயின்டுப் பொம்மையைக் கடிக்கவிடாதீர்கள், அது தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையாக இருந்தாலும்.

பளிச்சென்ற உதிரி மஞ்சள்தூளில் லெட் குரோமேட் என்ற காரீயச் சாயம் கலப்பது உண்டு. விரலி மஞ்சளை வாங்கி மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். பழைய பேட்டரி உடைக்கும் இடம், சுவாமிமலை மாதிரி ஊர்களில் பஞ்சலோகம் உருக்கும் பட்டறை, இவை வீட்டோடு சேர்ந்திருந்தால் பிள்ளைக்கு அங்கே இடம் கொடுக்காதீர்கள். பஞ்சலோகக் கலவையில் காரீயமும் சேரும்.

ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது: இரும்புச் சத்து குறைந்த குழந்தையின் குடல் காரீயத்தை இன்னும் அதிகமாக இழுக்கும். 2019–21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அங்கன்வாடியில் கொடுக்கும் இரும்புச் சத்து மருந்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஏழு மாதம். நடவுக்கும் களைக்கும் போகிறேன். போகலாமா?

வேலை செய்வது தவறில்லை. உச்சி வெயிலில் வேலை செய்வதுதான் ஆபத்து. ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு 2017லிருந்து தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்தது. அதிக வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உளுந்து பறிப்பும் பருத்தி எடுப்பும் நூறு நாள் வேலையும் விழுவது பங்குனி, சித்திரை, வைகாசியில்.

‘வேலைக்குப் போகாதே’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கூலி யார் தருவார்? ஆகவே விடியற்காலையில் தொடங்கிப் பத்து, பத்தரைக்குள் முடிப்பது, வேலைத்தளத்தில் நிழலும் குடிதண்ணீரும் வைப்பது, மாசமாக இருப்பவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கொடுப்பது ஆகியவற்றை மேஸ்திரியும் பணித்தளப் பொறுப்பாளரும் செய்ய வேண்டும். சிறுநீர் மஞ்சளாகக் குறைவாகப் போனால், தலை சுற்றினால், பிள்ளை அசைவு குறைந்ததாகத் தோன்றினால் வேலையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு. மருந்து அடித்த வயலில் களை பறிக்க அன்றும் மறுநாளும் இறங்க வேண்டாம்.

மண்ணில் விளையாடவிடலாமா? மாட்டுக்கொட்டகைப் பக்கம்?

தாராளமாக. அமெரிக்காவில் அமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள் இருக்கின்றன. வம்சாவளியும் சாப்பாடும் ஏறக்குறைய ஒன்றுதான். அமிஷ் வீட்டுப் பிள்ளைகள் தொழுவத்தை ஒட்டி வளர்கிறார்கள். ஹட்டரைட் பண்ணைகள் இயந்திரமயமானவை, வீட்டிலிருந்து தள்ளி இருப்பவை. 2016ல் வெளிவந்த ஆய்வில் ஆஸ்துமா அமிஷ் பிள்ளைகளில் 5 சதவீதம், மற்றவர்களில் 21 சதவீதம். சின்ன வயதில் பலவகை நுண்ணுயிரோடு பழகுவது நோய் எதிர்ப்பை நிதானப்படுத்துகிறது என்பது விளக்கம்.

நம் ஊரில் இதோடு குடற்புழுவும் சேர்ந்து வரும். செருப்பு, சாப்பிடுமுன் கை கழுவல், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரை. மருந்து அடித்த வரப்பு மண் மட்டும் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் சுவரெல்லாம் ஓதம். பிள்ளைக்கு இரைப்பு வருகிறது. சம்பந்தம் உண்டா?

உண்டு. ஈரமும் பூஞ்சையும் இரைப்பைக் கிளப்பும். கருப்புப் படிந்த சுவரைப் பிள்ளை இல்லாதபோது சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, வெயில் வந்த நாளில் பாய், தலையணை எல்லாவற்றையும் காயப்போடுங்கள். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம், பழக்கமாகிவிடாது.

பிளாஸ்டிக்?

சூடும் பிளாஸ்டிக்கும் சேரக் கூடாது. கவரில் கட்டிய டீ, சாம்பார் வேண்டாம், தூக்குவாளி கொண்டுபோங்கள். பால்புட்டியைவிடக் கிண்ணமும் கரண்டியும் மேல்.

எண்ணெய், எரிவாயுக் கிணறு அருகில் குடியிருக்கிறோம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 11 லட்சம் பிறப்புகளைப் பார்த்த 2017 ஆய்வு, பாறையை உடைத்து வாயு எடுக்கும் கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறப்பது அதிகம் என்று சொன்னது. இங்கே பெரும்பாலும் அந்த வகைக் கிணறு கிடையாது. எனவே அந்த எண்ணை எடுத்து இங்கே ஒட்டவைக்க மாட்டேன். 2020ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத் தடுக்கிறது; ஏற்கெனவே நடப்பவை நடக்கும். கசிவு, எண்ணெய் நாற்றம், கிணற்று நீரில் படலம் தெரிந்தால் தேதியோடு எழுதி மாவட்ட ஆட்சியர் குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

என் பிள்ளைக்குப் பேச்சு தாமதம். கர்ப்பத்தில் நான் செய்த ஏதோ ஒன்றால்தான் என்கிறார் மாமியார். உண்மையா?

ஒரு குழந்தையைக் காட்டி ‘இதனால்தான்’ என்று சொல்ல எந்த ஆய்வாலும் முடியாது. ஆய்வுகள் ஆயிரம் பேரின் சராசரியைச் சொல்கின்றன. மேலே எழுதியதை மறுபடி பாருங்கள்: அடுப்பு, மருந்து, தண்ணீர், வெயில், பெயின்டு. இதில் எது நீங்கள் தனியாகத் தேர்ந்தெடுத்தது? மருந்து வாங்கியது யார், போர் போட்ட இடத்தைக் காட்டியது யார், கேஸ் தீர்ந்தபோது அடுத்த சிலிண்டர் எப்போது வந்தது? பழியைத் தாய் தலையில் வைப்பதில் ஒரு வசதி இருக்கிறது, மற்ற எல்லோரும் எழுந்து போய்விடலாம்.

பேச்சுத் தாமதத்துக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் காட்டினால், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதித் தருவார்கள். பயிற்சி அங்கே இலவசம். ‘அப்பாவும் லேட்டாகத்தான் பேசினார்’ என்று ஒரு வருடம் தள்ளிப்போடாதீர்கள்.

பையனுக்குப் பத்து வயதாகிவிட்டது. இனிமேல் மாற்றி என்ன ஆகப் போகிறது?

ஆகும். தெற்குக் கலிஃபோர்னியாவில் காற்று மாசு குறைந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல், 11 வயதுக்கும் 15 வயதுக்கும் நடுவில், முன்பு அதே ஊர்களில் வளர்ந்தவர்களைவிட நன்றாக வளர்ந்ததாக 2015ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆஸ்துமா இருந்தவர்களுக்கும் அப்படியே. காரீயத்தால் போன மூளைத்திறன் திரும்பாது. ஆனால் மேற்கொண்டு சேராமல் நிறுத்தலாம்.

வீட்டில் செய்வதைச் செய்கிறோம். ஊராகச் சேர்ந்து எதைக் கேட்பது?

கிராம சபை வருடத்தில் ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு ஊர்த் தண்ணீரின் பரிசோதனை முடிவைச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள், உப்பு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று எண்ணோடு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சியும் பெட்டியும் தர வேண்டும். பெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள், பல ஊரில் அது அலமாரியில் பூட்டிக் கிடக்கும். பள்ளி, அங்கன்வாடியை ஒட்டிய வயல்களில் பாடவேளையில் மருந்து அடிப்பதில்லை என்று ஒரு தீர்மானம் போடலாம். குப்பையை எரிக்காமல் வாங்கிப் போகும் வண்டி வாரத்துக்கு எத்தனை நாள் வரும் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள். அடுத்த சபையில் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.